மலைப்பாதையும் பின்சக்கர வில்லும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிச்செல்லும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20 உள்ளன. மலையிலிருந்து இறங்கும்பொழுது 20, 19, 18 என்று தலைகீழாக எண்ணிக்கொண்டு வருவது சிறுவர்க்கு ஒரு விளையாட்டு. சிறுவனாயிருந்தபொழுது நானும் அவ்வாறு எண்ணியவனே. ஒரு நாள் 12 என்று எண்ணியவன் அதற்குமேல் எண்ணவில்லை. அந்த நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்கிறேன். அது விளங்கவேண்டுமாயின், முதலில் வண்டிகளின் வில்லைப் பற்றிச் சிறிது பேசவேண்டும்.

மோட்டாரில் நாம் 'ஸ்பிரிங்' என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டு வண்டிக்காரர்கள் நெடுநாட்களுக்கு முன்னரே பெயர் வைத்துவிட்டார்கள். இரும்புப் பட்டைகள் தாங்கிய கூண்டு வண்டியை அவர்கள் 'வில்வண்டி' என்றார்கள். அம்பு எய்யும் வில்லும் வண்டியைத் தாங்கும் வில்லும் செய்கின்ற தொழில் ஒன்றே. வளைக்க வளைக்க ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு, விட்டவுடன் அதனைத் திருப்பித் தருவதே அத்தொழில். கட்டை வண்டியில் அச்சின்மேல் பாரம் நேரே அமர்ந்திருக்கும்; ஆதலின் வழியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பு வரை வந்து சேரும். வில்வண்டியில் அக்கல்லின் அடியை இரும்புப் பட்டைகள் தாமே வாங்கிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் வில்வண்டி வைத்திருப்பது செல்வத்திற்கு அடையாளமாயிருந்தது என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வில்லின் இயல்பைக் கணக்கில் அடக்கியவர் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர். 1676இல் தாம் கண்ட உண்மையைப் பிறர் கவர்ந்துவிடக் கூடாதென்று கருதி, எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒரு விடுகதைபோல வெளியிட்டார். 1678இல் அதனை விடுவித்துக் கூறினார். இழுக்கும் விசை எவ்வளவோ அவ்வளவுக்கு வில் நீளும் என்பதே அவ்வுண்மை. இந்த எளிய விதி பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும். அதனை வண்டியின் அடியில் கொண்டுவந்து சேர்க்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இலண்டனில் வண்டி செய்து வாழ்ந்த ஒபதையா எலியட் என்பவர் 1804இல் நீள்வட்ட வடிவான பட்டை வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் இரண்டு தொகுதிகளாகி, வளைந்த முகங்கள் எதிரெதிராக நிற்க, முனைகளில் பிணைக்கப்பட்டன. அதன்பின் கனத்த நடுமரம் இல்லாமலே வண்டி செய்ய இயன்றது. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் செய்து பெயர் பெற்றதும், பின்னர் மோட்டாருக்கு உடல் கட்டியதும் இந்தக் கைத்திறனின் தொடர்ச்சியே.

வில்லுக்கு உரிய எஃகு எங்கிருந்து வருகிறது? இவ்விடத்தில் சேலத்துக்காரனாகிய எனக்கு ஒரு சிறு பெருமை உண்டு, பொறுத்தருள்க. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது நிறைந்திருக்கிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் கம்பெனியின் பணியை விட்டு, 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் உலை அமைத்துச் சேலத்துத் தாதுவை உருக்கினார். தொழில் அவருக்குப் பயன் தரவில்லை. இங்கிலாந்து திரும்பியபின், வார்ப்பு எஃகில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அந்த முறையால் எஃகின் தரம் உயர்ந்தது. ஆனால் அவருக்குச் சேரவேண்டிய ஊதியம் சேரவில்லை. வழக்காடியே 1851இல் மறைந்தார். இன்று மோட்டார் வில்லுக்குப் பயன்படும் எஃகு வகைகளுள் சிலிக்கனும் மாங்கனீசும் கலந்தது ஒன்று. சேலத்து உலைக்காக அலைந்த அந்த மனிதரின் நினைவு எனக்கு எப்பொழுதும் அந்தப் பட்டைகளைக் காணும்பொழுது வரும்.

குதிரை வண்டியின் வில்லுக்குப் பாரம் தாங்குவது ஒன்றே வேலை. மோட்டார் வண்டி வந்தபின் பின்சக்கர வில்லின்மேல் மேலும் இரண்டு வேலைகள் ஏறின. இயந்திரத்தின் ஆற்றல் பின்னச்சுக்குச் சென்று சக்கரத்தைத் திருப்புகிறது. அச்சு தன்னிடத்தை விட்டு முன்பின் நகராதவாறு பிடித்து நிற்பது இரண்டாம் வேலை. புறப்படும்பொழுதும் பிரேக் பிடிக்கும்பொழுதும் அச்சு முறுக்கிக்கொள்ள முயலும். அம்முறுக்கைத் தாங்குவது மூன்றாம் வேலை. அம்பாசடர் காரிலும், பம்பாயில் செய்த பியட்டிலும், சுமையேற்றும் லாரியிலும் பின்னச்சு இரண்டு பட்டை வில்களின்மேல் யூ போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். பட்டைகளின் நடுவே செல்லும் சென்டர் போல்ட் என்னும் சிறிய ஆணி அச்சை உரிய இடத்தில் நிறுத்தும். அந்தச் சுண்டுவிரல் அளவு ஆணி அறுந்தால் கார் முழுவதும் கோணிப்போகும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் அதுவே உண்மை.

விபத்துக்குப் பின் இவ்வகை வண்டியைச் சோதிக்கும் முறை எளியது. பின்னாலிருந்து பார்த்தால் உடல் ஒருபுறம் சரிந்திருக்கிறதா, நேர்ச்சாலையில் போகும்பொழுது நண்டுபோல் பக்கவாட்டில் நடக்கிறதா, ஸ்டியரிங் சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று முதலில் காண்பர். பிறகு முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை நாடாவால் இருபுறமும் அளப்பர். ஒருபுறம் கூடியும் மறுபுறம் குறைந்தும் இருந்தால் அச்சு நகர்ந்துவிட்டது. சேஸிஸ் சட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, மூலைவிட்டங்கள் இரண்டையும் ஒப்பிடுவர். அவை சமமல்லாவிடில் சட்டமே கோணியிருக்கிறது. வில்லை மாற்றிப் பயனில்லை. சக்கரத்தை மேலே தூக்கிச் சுழற்றி அருகே ஒரு கம்பியை நிறுத்திப் பார்த்தால் வளைந்த விளிம்பு தெரிந்துவிடும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா என்பதும் பார்க்கவேண்டுவது. இவ்வளவுக்கும் வேண்டுவன நூலும் நாடாவும் நிதானமுமே. நம் ஊர்ப் பட்டறைகள் இதனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தன. பட்டை ஒடிந்தால் ஒடிந்ததை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று செருகவும் அறிந்திருந்தன. ஆனால் தொய்ந்த பட்டையை உலையிலிட்டுச் சம்மட்டியால் வளைத்து அப்படியே ஆறவிட்டுத் தருபவரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். எஃகுக்கு அதன் வலிமையைத் தந்தது, முன்பு முறையாகக் கடினப்படுத்திப் பதப்படுத்திய சூடே. அப்பதம் கெட்டபின் பட்டை உருவத்தில் வில்லாயிருக்கும்; குணத்தில் வெறும் இரும்பே.

இந்த நிலையில் நம் நாட்டுச் சாலைக்கு ஒரு புதுமை வந்தது. 1948இல் நிறுவப்பெற்ற ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கத்தில் கார் செய்துவந்தது. 1961 முதல் அது ஹெரால்டு என்னும் காரைச் செய்யலாயிற்று. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் பெயரில் வெளிவந்த கார் அது. அழகிய அதன் உடலை வரைந்தவர் இத்தாலியராகிய மிக்கலோட்டி. முன்சக்கரங்கள் பெருங்கோணம் திரும்பக் கூடியவையாதலின், ஏறத்தாழ 25 அடி வட்டத்திற்குள் அக்கார் திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவுகளுக்கென்றே செய்தது போன்ற அமைப்பு அது. இந்நாட்டு மற்றைக் கார்கள் பெரும்பாலும் மலைவளைவில் வலித்துத் திரும்பும் இடத்தில் ஹெரால்டு துள்ளித் திரும்பும்.

ஆனால் அதன் பின்புறம் முற்றும் வேறு. ஒரே தண்டாகிய அச்சு அதற்கில்லை. நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி சட்டத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இடமும் வலமும் இரண்டு அரைத்தண்டுகள் கடிகார ஊசல்போல மேலும் கீழும் ஆடும். பெட்டியின் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை வில் அமர்ந்து, இரு சக்கரங்களையும் தன் இரு கைகளால் பற்றியிருக்கும். சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு சாய்தண்டு உண்டு. இந்த ஊசல் அச்சுக்கு 1903இலேயே எட்மண்ட் ரும்ப்ளர் என்னும் ஆஸ்திரியர் காப்புரிமை பெற்றிருந்தார். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மறுசக்கரத்தை அது பாதிப்பதில்லை என்பது இதன் நலம். இதன் குறை வளைவில் தெரியும். வளைவில் விரைந்து சென்றுகொண்டே ஓட்டுநர் திடீரென்று விசையைக் குறைத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ, வண்டியின் பின்புறம் மேலெழும். வெளிச்சக்கரத்தின் அடிப்பாகம் வண்டிக்குக் கீழே மடங்கும். பின்புறம் வழுக்கிச் சுழலும். அமெரிக்காவின் கார்வேர் காரிலும் ஊசல் அச்சே இருந்தது. அதன் ஆபத்தை எடுத்துரைத்து ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூல் அந்நாட்டையே கலக்கியது.

இனி என் கதைக்கு வருகிறேன். என் தாய்மாமன் சேலத்தில் மருத்துவராயிருந்தார். சனிக்கிழமைதோறும் தம் ஹெரால்டு காரில் ஏற்காட்டுக்கு ஏறி, அங்கிருந்து கிளியூர் வரை சென்று நோயாளிகளைப் பார்த்துவருவார். ஏற்காட்டு ஏரியின் மிகைநீர் சென்று அருவியாய் விழும் இடம் கிளியூர். சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். 1820களில் சேலத்து ஆட்சியராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பியை அறிமுகம் செய்தார். சக்கரம் ஏறாத அந்நாளில் வில்லுக்கு இங்கே வேலையில்லை. மாமாவின் காலத்திலோ வில்தான் எல்லாம். பள்ளி விடுமுறை நாளில் நானும் உடன் செல்வேன்.

1974இல் மழை தொடங்கிய பருவம். இறங்கும் வழியில் ஒரு வளைவில் எதிரே லாரி அகன்று வந்தது. மாமா இடப்புறம் ஒதுங்கினார். முன்சக்கரம் தப்பியது, வளைவில் பின்சக்கரம் எப்பொழுதும் சற்றே உட்புறமாக அறுத்துக்கொண்டு போகுமாதலின், இடப் பின்சக்கரம் ஓரத்துக் காப்புக் கல்லில் மோதியது. எங்களுக்குக் காயமில்லை. சக்கரமும் சுழன்றது. மெல்ல இறங்கி வந்து, காரை ஒரு பட்டறையில் விட்டோம்.

அங்கிருந்தவர்கள் காரை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தனர், மாட்டி இறக்கினர், பின்னால் நின்று நோக்கினர். இடச்சக்கரத்தின் அடிப்பாகம் உள்நோக்கி இழுக்கப்பட்டு, காரின் பின்புறம் தூக்கி நின்றது. "டாக்டர் ஐயா, வில்லு கெட்டுப்போச்சு, மாத்தணும்" என்றார்கள். புது வில் தேடிப்பிடித்துப் போடப்பட்டது. செலவு சிறிதன்று. ஆயினும் கார் நேரே போக மறுத்தது. ஸ்டியரிங்கைச் சற்றே இடப்புறம் பிடித்தால்தான் நேராகச் செல்லும். "புது வில்லு படியணும், ஐயா" என்று விடை வந்தது. மாமா மருத்துவர்; தம் தொழிலில் பிறர் குறுக்கிடுவதை விரும்பாதவராதலின், பிறர் தொழிலிலும் அவர் குறுக்கிடவில்லை.

மூன்றாம் வாரம் கிளியூரிலிருந்து இறங்குகிறோம். தூறல். நான் எண்ணிக்கொண்டு வருகிறேன். 12ஆம் வளைவைத் திரும்பும்பொழுது நடுச்சாலையில் ஒரு மாடு. மாமா காலை எடுத்துப் பிரேக்கை அழுத்தினார். காரின் பின்புறம் கையில் எடுத்தாற்போல் எழுந்து, வெளிப்புறமாகச் சுழன்று, சாலைக்குக் குறுக்கே நின்றது. என் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். சாலை தெரியவில்லை, மரங்களின் உச்சி தெரிந்தது. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. "இறங்காதே, அப்படியே இரு" என்று மட்டும் மாமா சொன்னார். அவர் குரலில் நடுக்கத்தைக் கேட்டது அதுவே முதல்முறை.

சேலத்தில் லாரி வேலை செய்யும் வயதான மேஸ்திரி ஒருவரிடம் கார் சென்றது. அவர் முதலில் காரைத் தூக்கவே இல்லை. பின் இருக்கையில் என்னையும் ஒரு மாவு மூட்டையையும் ஏற்றினார். நான்கு ஆட்களைக் கொண்டு காரைப் பத்தடி முன்னே தள்ளி, பத்தடி பின்னே இழுத்து, மறுபடியும் தள்ளினார். மாமா வியந்து நின்றார். மேஸ்திரி சொன்னார்: "ஐயா, இந்த வண்டியை ஜாக்கியில ஏத்தினா சக்கரம் ரெண்டும் கீழே மடங்கித் தொங்கும். இறக்கினாலும் தரை பிடிச்சிக்கிட்டு விரியாது. உருட்டிவிட்டாத்தான் தன் இடத்துக்கு வரும். இறக்கின உடனே பார்த்தா வண்டி பொய் சொல்லும்."

பின்னர் அவர் நூல் பிடித்தார். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இடப்புறம் அரை அங்குலம் கூடியிருந்தது. கல் சக்கரத்தைப் பின்னே தள்ளியதால், சாய்தண்டின் முன்முனையைப் பற்றியிருந்த தாங்கி வளைந்து, சக்கரத்தின் முன்புறம் வெளிநோக்கித் திரும்பிவிட்டது. அரைத்தண்டு நேராயிருந்தது, பழைய வில்லில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. நோய் ஒன்று, மருந்து வேறொன்றுக்கு. அதனினும் கொடியது என்னவெனில், புதிய வில் காரின் பின்புறத்தை மேலும் உயர்த்திச் சக்கரங்களைக் கீழே மடங்கும் நிலைக்கு அண்மையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. பழுது பார்த்ததனாலேயே கார் முன்னினும் ஆபத்தாயிற்று. மாமா இதனைக் கேட்டதும், "தவறாக நோய் கண்டால் மருந்தே நஞ்சாகும் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார், இங்கும் அப்படித்தானா, மேஸ்திரி?" என்றார். மேஸ்திரி சிரித்தாரே ஒழிய, முதற்பட்டறையாரை ஒரு சொல்லும் பழித்தாரில்லை. "அவங்க இந்த வகை வண்டி நாலு பார்த்திருப்பாங்களோ என்னமோ" என்றார்.

தாங்கியைக் கழற்றி, சூடு காட்டாமல் நிமிர்த்தி, பின்புறம் ஒரு தகட்டைப் பற்றவைத்து வலுப்படுத்தினார். தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினார். ஆனால் போல்ட்டுகளை இறுதியாக இறுக்கியது, கார் தரையில் பாரத்தோடு நின்றபின்னரே. தூக்கிவைத்து இறுக்கினால் ரப்பர் முறுகியே கிடந்து விரைவில் கிழியும் என்பது அவர் சொன்ன காரணம். பழைய வில்லை மீண்டும் பூட்டினார். மறுபடியும் உருட்டினார்; மறுபடியும் அளந்தார். இருபுறமும் ஒன்றாயிருந்தன.

இவ்வனுபவம் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதென்று அந்நாளில் எண்ணினேன். பின்னரே அது நாட்டின் தொழில் வரலாற்றில் ஒரு பகுதி என்று அறிந்தேன். ஹெரால்டின் ஊசல் அச்சை உரிமையாளரும் விரும்பவில்லை, பழுது பார்ப்போரும் விரும்பவில்லை. ஆதலின் எங்கள் கார் சுழல்வதற்கு ஈராண்டு முன்னர், 1972இல், சென்னைத் தொழிற்சாலை ஹெரால்டின் உடலை மாற்றிக் கெஸல் என்னும் பெயரில் வெளியிட்டபொழுது, அதே 948 கன சென்டிமீட்டர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, பின்புறத்தில் மட்டும் ஊசல் அச்சை நீக்கி, ஒரே தண்டாகிய பழைய அச்சைப் பொருத்தியது. அதே குறைக்கு இங்கிலாந்தில் வேறு விடை கண்டனர். ஹெரால்டின் உறவாகிய ஸ்பிட்ஃபயர் காரில் 1970இல் குறுக்கு வில்லின் பெரும்பாலான பட்டைகளைப் பெட்டியோடு இறுக்காமல் நடுவில் அசையுமாறு விட்டனர். மடங்கும் குணம் பெரிதும் அடங்கிற்று. ஒரு குறை, இரண்டு விடைகள்: அங்கே வில்லைத் திருத்தினார்கள், இங்கே அச்சைத் திருப்பி அழைத்தார்கள்.

முன்னேறியதை விட்டுப் பின்னோக்கிச் சென்றார்கள் என்று கெஸலைக் குறைகூறுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. சென்னையில் வரைபடம் வரைந்தவருக்கு, அக்கார் எங்கெங்கோ உள்ள சிற்றூர்ப் பட்டறைகளில் ஜாக்கியில் ஏறப்போகிறது என்பது தெரிந்திருக்கிறது. நாடாவும் நூலும் கொண்டு ஒருவர் கண்டுபிடிக்கக்கூடிய பழுதே அவ்வூர்களில் பழுது, மற்றவை விபத்து. ஆயினும் ஆசிரியனாயிருந்தவன் என்ற முறையில் ஒரு மனக்குறை எனக்கு உண்டு. பத்தடி உருட்டிவிட்டு அளக்கவேண்டும் என்னும் ஒரு வரியை எல்லாப் பட்டறைகளுக்கும் கொண்டுசேர்ப்பது, ஓர் அச்சையே மாற்றுவதைவிடக் கடினமாயிருந்திருக்கிறது. கெஸலும் நெடுங்காலம் ஓடவில்லை. 1977இல் அதன் உற்பத்தி நின்றது.

இன்று ஏற்காட்டுப் பாதையில் ஏறும் கார்களில் பெரும்பாலும் சுருள் வில்களே. சக்கரத்தின் சாய்வை ஒளிக்கதிரும் கணிப்பொறியும் அளந்து சொல்கின்றன. லாரிகளின் அடியில் மட்டும் பட்டைகள் இன்னும் அடுக்கடுக்காக நிற்கின்றன. வளைவில் அவை எழுப்பும் முனகலைச் சாலையோரம் நின்றால் கேட்கலாம்.

மாமாவின் வீட்டில் அந்தப் புதிய வில் பல ஆண்டுகள் சாக்கில் சுற்றிக் கிடந்தது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து இயற்பியல் கற்பிக்கத் தொடங்கியபொழுது, அதிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றித் தந்தார். அதன் ஒரு முனையை மேசையில் இறுக்கி, மறுமுனையில் நிறைகளைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று மாணவர்கள் அளவுகோலால் அளப்பர். ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒரே அளவாகத் தாழ்ந்து, நிறையை எடுத்தவுடன் பழைய கோட்டுக்கே திரும்பி வரும்.